சத்து ஊசி என்று சொன்னவள் நான்தான்

எங்கள் ஓய்வுபெற்ற செவிலியர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஆளுக்கொரு கட்டுரை வேண்டும், "என் பணியில் ஒரு சாதனை" என்ற தலைப்பில் எழுதுங்கள் என்று செயலாளர் போன் செய்தார். எனக்கு முன்னால் எழுத ஒப்புக்கொண்டவர்கள் எல்லாரும் வெள்ளத்தில் படகேறிப் போய்ப் பிரசவம் பார்த்தவர்கள். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் விட்டு வெளியே வேலை பார்த்ததே குறைவு. வெள்ளம் வந்தாலும் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போனேன். ஆகவே சாதனைக்குப் பதிலாக நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். "எதுவா இருந்தாலும் அளவா எழுதுங்க சிஸ்டர், போன வருஷம் ஒருத்தர் பதினாறு பக்கம் குடுத்துட்டாரு" என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. முதியோர் இல்லங்களில் ஃப்ளூ தடுப்பூசி போடுவதைப் பற்றி இப்போது மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. அங்கே தங்கியிருப்பவர்களுக்குக் கட்டாயமா, வேலை செய்பவர்களுக்குக் கட்டாயமா, மாட்டேன் என்பவரை என்ன செய்வது என்று என் இடத்துக்கு வந்திருக்கும் செவிலியர் என்னிடம் கேட்டாள். "அக்கா, கொரோனா நேரத்துல கருவடிக்குப்பம் இல்லத்துல நீங்க நல்லா சமாளிச்சீங்களாமே?" நல்லா சமாளித்தேன் என்று அவளிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. நானே சொல்லியிருக்கவும் கூடும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுப் பழகினோம். பிறகு ஒருவர் கையில் ஒருவர் போட்டுப் பழகினோம். அன்று என்னிடம் கையைக் கொடுத்தவள் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள், இன்றுவரை என் பக்கத்தில் உட்காருவதில்லை. அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொட்டு மருந்து, முத்தடுப்பு ஊசி, தட்டம்மை ஊசி என்று ஓடிவிட்டது. குழந்தைகளுக்குப் போடுவது சுலபம். அழுவார்களே தவிர கேள்வி கேட்க மாட்டார்கள்.

எங்கள் தொழிலில் பொய் சொல்லாதவர் யார்? "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வோம். அப்படிக் கடிக்கிற எறும்பை நான் இன்னும் பார்த்ததில்லை. பெரியவர்களுக்கு வேறு பொய். நம் ஊரில் சத்து ஊசி என்ற சொல்லுக்கு மயங்காத ஆள் கிடையாது. காலில் முள் குத்தி வந்தவரும் போகும்போது "அப்படியே ஒரு சத்து ஊசி போட்டு உடுங்க" என்பார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஓர் ஊசி போடக் கூடாதா? இதுதான் அப்போது என் கட்சி.

கருவடிக்குப்பத்தில் அந்த முதியோர் இல்லம் இருந்தது. இருபத்தெட்டு முதியவர்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டு முடித்த அந்த வாரம், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் ஊசி போடப் போனேன். முதியவர்களோடு சமையல்காரர் தனம் அக்காவும் வாட்ச்மேனும் வயதில் சேர்ந்துவிட்டார்கள். மொத்தம் முப்பது பேர், மூன்று குப்பி மருந்து.

இந்த முப்பது என்ற கணக்குதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். ஆகவே பத்துப் பேர் வந்து உட்காராமல் மூடியைத் தொடாதே என்பது பாடம். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற ஐஸ் பையைக்கூட அப்படியே வைக்கக் கூடாது. வெளியே எடுத்து வைத்து, ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த மருந்தில் ஒரு துளி வீணானாலும் ஏன் என்று எழுதித் தர வேண்டும்.

அன்று வேடிக்கைக்குக் குறைவில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, "எனக்குப் போட்டாச்சும்மா, மை பாரு" என்றார். சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கு நாங்கள் விரலில் மை வைப்போம் அல்லவா, அதை நினைவில் வைத்திருக்கிறார். "ஐயா, அது சுண்டு விரல்ல வைக்கறது. இது ஓட்டுப் போட்ட மை" என்றேன். "ரெண்டுமே கவர்மெண்ட் மைதானே" என்று கொஞ்ச நேரம் வாதாடிவிட்டுச் சட்டையைச் சுருட்டினார்.

இருபத்தொன்பது பேர் முடிந்தது. மூன்றாவது குப்பியில் ஒரு டோஸ் மிச்சம். மிச்சமிருந்த ஆள் மிசியே அந்துவான்.

மிசியே அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. எண்பத்திரண்டு வயது, மனைவி இல்லை, மகள் பிரான்சில். சாப்பாட்டு மேசைக்கும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். "நோன், மெர்சி. வேணாம், நன்றி. ராணுவத்துல எனக்கு எல்லா ஊசியும் போட்டுட்டாங்க மதாம். உலகத்துல இருக்கற எல்லா ஊசியும்" என்றார். இந்த நோய் அப்போது உலகத்திலேயே இல்லை என்றேன். "ராணுவத்துக்கு முன்கூட்டியே தெரியும்" என்றார். அரை மணி நேரம் மன்றாடினேன். குப்பி திறந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அப்போதுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"சரி மிசியே, அது வேணாம். இது சத்து ஊசி. போட்டுக்கறீங்களா?"

"சத்தா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று கையை நீட்டிவிட்டார். போட்டேன். முப்பதுக்கு முப்பது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மிசியேவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து போனது. பிறகு பார்த்தால் படியேறினால் மூச்சு வாங்கவில்லை, கண் பளிச்சென்று தெரிகிறது, பசிக்கிறது என்று சாப்பாட்டுக் கூடத்தில் பிரசங்கம். புதுச்சேரியில் கிழவர்களுக்கு இலவசமாகச் சத்து ஊசி போடுகிறார்கள் என்று மகளுக்கும் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எனக்குப் போன் செய்து, "அவருக்கு மட்டும் சத்து, எங்களுக்கு மட்டும் கொரோனாவா? இது என்னம்மா ஓரவஞ்சனை?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து, எப்படி முப்பதுக்கு முப்பது போட்டேன் என்று நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் ஞானசேகரன் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் எங்கள் மருத்துவ அலுவலர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்கு ஒரு டீ வரவழைப்பார். கூட்டம் முடிந்ததும் என் முன்னால் ஒரு டீ வந்தது. இருந்த தெம்பெல்லாம் போய்விட்டது.

"யார்கிட்ட கேட்டீங்க?" என்றார்.

"எதை சார்?"

"அவரு கையில எதைப் போடலாம்னு யார்கிட்ட கேட்டீங்க?"

நான் குப்பிக் கணக்கைச் சொன்னேன். வீணாகியிருக்கும் என்றேன். அவர் வயதுக்கு நல்லதுதானே செய்தேன் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "டீ ஆறுது, குடிங்க" என்றார். குடித்து முடித்ததும் சொன்னார்: "ஒரு டோஸ் வீணாயிருந்தா நான் எழுதிக் குடுத்திருப்பேன். போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. பொய்யை எங்க வச்சி, எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ, அங்கயே, அதே சத்தத்துல."

என் சத்தம் எங்கள் நிலையத்தில் பிரசித்தம். மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு, இருபத்தெட்டு பேரும் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் நின்று, "மிசியே, அன்னிக்கி நான் போட்டது சத்து ஊசி இல்ல. கொரோனா ஊசிதான். பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். முப்பது வருடத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மிசியே அந்துவான் கைக்குட்டையால் வாயைத் துடைத்து, அதை நாலாக மடித்து வைத்தார். "மதாம், சண்டையில என்னைச் சுட்டவன்கூட நான் யாருன்னு பாத்துட்டுத்தான் சுட்டான்" என்றார். ஊசி போட்டதைவிட, நான் அவரைக் குழந்தையாக நினைத்ததுதான் அவரை உறுத்தியது. "இன்னொரு தடவ அந்த ஊசி கிடையாது. நோன்." அவர் நோன் சொன்னதும் பக்கத்து மேசையும் நோன் சொன்னது. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அன்று நோன் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். ஒரு டோஸைக் காப்பாற்றப் போய்ப் பதினான்கைத் தொலைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பன்னிரண்டு வாரம் இடைவெளி இருந்தது. அதில் மிச்சமிருந்த வாரங்களில் வியாழக்கிழமைதோறும் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே இறங்குவேன். ஊசியைப் பற்றிப் பேச மாட்டேன். அவர் ரத்த அழுத்தம் பார்க்கும் முன் "பார்க்கலாமா?" என்று கேட்பேன். சில வாரம் பார்க்கலாம் என்பார். சில வாரம் வேண்டுமென்றே வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் மெர்சி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். கிழவர் என்னை நன்றாகவே பழக்கினார்.

ஜூன் மாதக் கடைசியில் இரண்டாவது ஊசி நாள் வந்தது. அதற்குள் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஊசி திறந்துவிட்டதால், இல்லத்தின் இளம் ஊழியர்களுக்கு அன்றே முதல் ஊசி என்று ஏற்பாடு. டாக்டரும் கூட வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்.

இல்லத்தின் மேனேஜர் பாஸ்கர் வாசலில் இரண்டு காரியம் செய்து வைத்திருந்தார். ஒன்று, "நூறு சதவீதம் தடுப்பூசி போட்ட இல்லம்" என்று தன் படம் போட்ட பேனர். ஊசி போடுவதற்கு முந்தின நாளே அடித்து வந்துவிட்டது. இன்னொன்று ஒரு நோட்டீஸ்: "ஊசி போடாத ஊழியர் எவரும் திங்கட்கிழமை முதல் இல்லத்துக்குள் வரக் கூடாது. விதிவிலக்கு கிடையாது." கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. அது அரசாங்க உத்தரவு இல்லை, அவரே போட்ட சட்டம். ஆனால் அவர் எண்ணத்தில் தப்பு சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவிலேயே மே மாதம் எத்தனை பேரைத் தூக்கினோம் என்று எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து தினமும் வந்து போகிற ஊழியர்கள்தான் கிழவர்களுக்கு ஆபத்து.

முதல் நாற்காலியில் மிசியே அந்துவான் வந்து உட்கார்ந்தார். "கேளுங்க" என்றார். மருந்தின் பெயர், எதற்குப் போடுகிறோம், காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "யோசிக்கணும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாக மூன்று நிமிடம் யோசித்தார். பின்னால் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், குப்பியை நான் தொடவில்லை. கடைசியில் "உய், சரி" என்றார். பதினான்கு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

அன்றைய உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. அவள் பெயர் கலைவாணி. இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கை மாற்றுகிறவள். சமையல்காரர் தனம் அக்காவின் மருமகள். தனம் அக்கா தன் இரண்டாவது ஊசியை அப்போதுதான் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார வேண்டிய நாற்காலியில் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வருவதையே ஊர்முழுக்கச் சொல்கிறவர். கழுத்தை எங்கள் பக்கம் நீட்டியிருந்தார்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கர்ப்பமா என்பது அதில் ஒன்று. அப்போதைய விதிப்படி கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விகளை நான் பாசஞ்சர் ரயில் எக்ஸ்பிரஸ் ஆன வேகத்தில் படித்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் படித்தேன். கலைவாணி பதில் சொல்லாமல் என் மேசை மேல் குனிந்தாள்.

"அம்பது நாள் ஆவுது சிஸ்டர். கதிர்காமம் ஆஸ்பத்திரில பாத்துட்டேன். யாருக்கும் தெரியாது."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. மூணு மாசம் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ கலஞ்சிடிச்சி சிஸ்டர். மொத தடவ அத்தை தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தாங்க. கலஞ்சதும் அதே தெரு வந்து துக்கம் விசாரிச்சிது. ரெண்டாவது தடவையும் அதேதான். இந்த வாட்டி என்னால முடியாது."

"அப்ப ஊசி வேணாம். போ."

"போட்டாதானே திங்கக்கிழம உள்ள உடுவாங்க? வேல போனா ஏன் போச்சுன்னு கேப்பாங்க. ஊசி போடலன்னு சொன்னா ஏன் போடலன்னு கேப்பாங்க." சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போட்ட மாதிரி பஞ்ச வச்சி ஒட்டிடுங்க சிஸ்டர். கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. உங்களுக்கு ஒரு நிமிஷ வேல."

ஒரு நிமிடம்கூட ஆகாது. பஞ்சு, பிளாஸ்டர், அவ்வளவுதான். என் கை அந்த வித்தையை என்னைவிட நன்றாகவே அறியும். செய்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் நாளைக்கு இவள் கையால்தான் படுக்கையில் கிடக்கிற ஏழு பேர் சோறு வாங்குவார்கள். இவள் ஊசி போட்டவள் என்று நம்பி வாயைத் திறப்பார்கள். அவர்களிடம் நான் கேட்கவில்லை.

"முடியாது கலை. இந்த வீட்டுல ஒரு பொய் சொல்லிட்டு மூணு மாசமா அதைத்தான் தொடச்சிக்கிட்டு இருக்கேன். இரு, வரேன்" என்று எழுந்து டாக்டரிடம் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளியில என்ன சொல்லலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றார். திரும்பி வந்து கேட்டேன். "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். திரும்பிப் போய்ச் சொன்னேன். டாக்டர் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, "இன்று போடவில்லை. பின்னர் போடப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் எழுதவில்லை. பிறகு பேனாவை மூடாமல் சொன்னார்: "ஒரே ஒரு சீட்டு குடுத்தா அது தண்டோரா. எல்லாரையும் ஒழுங்கா நிறுத்தி நிதானமா கேளுங்க. நீங்க கேக்கற வேகத்துக்கு எவனும் உண்மை சொல்ல மாட்டான். கேட்டா இன்னும் சீட்டு விழும்."

கேட்டேன். ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார வைத்து, காதோடு காதாக, வாழ்க்கையில் முதல் முறையாக நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். வாட்ச்மேனுக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் நூற்றொன்று. ஒரு சீட்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு மே மாதம் கொரோனா வந்திருக்கிறது. வந்து குணமானவர் மூன்று மாதம் பொறுத்துத்தான் போட வேண்டும் என்பது விதி. இன்னொரு சீட்டு.

கடைசியில் மேனேஜர் பாஸ்கர், போட்டோ எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடியே வந்தார். போட்டோக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரையும் கேட்டேன்.

"மூணு மாசத்துக்குள்ள கொரோனா வந்துதா சார்?"

மேனேஜர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். "மெதுவா கேளுங்க சிஸ்டர்" என்றார். நான் மெதுவாகத்தான் கேட்டேன். மே மாதம் "சொந்த ஊர்ல கோயில் வேலை" என்று பதினைந்து நாள் லீவு போட்டிருந்தார், அது கோயில் வேலை இல்லையாம். ஒரு சீட்டு. பின்னாளில் அவரே இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். அன்று சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

அதற்குள் நாற்காலியிலிருந்து தனம் அக்காவின் குரல் கிளம்பியது. "ஏம்மா கலை, ஒனக்கு ஏன் போடல?"

"அப்புறம் போடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு அத்தை."

"ஏனாம்?"

அந்த "ஏனாம்" கூடம் முழுக்கக் கேட்டது. கலைவாணியின் முகம் வெளுத்துவிட்டது. தன் சங்கடத்தில் இருந்த மேனேஜருக்கு இது வசதியாகப் போயிற்று. அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இதுல காரணமே இல்லயே. நிர்வாகத்துக்குக் காரணம் தெரியணும். காரணம் இல்லாத சீட்ட நான் ஏத்துக்க மாட்டேன். திங்கக்கிழம இந்தப் பொண்ணு வர முடியாது."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டைப் பார்த்தார். "ஆமா, காரணம் எழுதல. எழுதிடலாம். உங்க சீட்டையும் குடுங்க, ரெண்டுலயும் சேர்த்தே எழுதிடறேன்." மேனேஜர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். டாக்டர் அதே குரலில் தொடர்ந்தார்: "அப்புறம் அந்த நோட்டீஸ்ல விதிவிலக்கு கிடையாதுன்னு போட்டிருக்கீங்களே. திங்கக்கிழம இல்லத்த யாரு பாத்துக்கப் போறாங்க?" பிறகு என்னிடம் திரும்பி, "சாருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

நோட்டீஸ் பத்து நிமிடத்தில் மாறியது. மேனேஜரே தன் கையால், அதே சிவப்பு மையில் எழுதினார்: மருத்துவர் சீட்டு உள்ளவர்கள் முகக்கவசத்தோடு வரலாம், முதியவர்களின் அறைக்குள் மட்டும் போகக் கூடாது. டாக்டரும் அதுதான் சரி என்றார். பேனர் சுருண்டு மாடிப்படிக்கு அடியில் போனது. அடுத்த ஆறு வாரம் அந்த விதியைக் காவல் காத்தவர் மிசியே அந்துவான். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேனேஜர் பதிவேட்டோடு உள்ளே காலை வைத்தால் போதும், "மிசியே பாஸ்கர்!" என்று ஒரு அதட்டல். மேனேஜர் இரண்டு எட்டு பின்னால் போவார்.

படுக்கை வேலை இல்லாத கலைவாணியை எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது, சலவைத் துணி தூக்கட்டும் என்றார் மேனேஜர். தனம் அக்கா உடனே, "துணியெல்லாம் வேற ஆள் பாக்கட்டும். எனக்கு அடுப்படியில ஆள் இல்ல. வெங்காயம் உரிக்க அனுப்புங்க" என்று அடம் பிடித்தார். அதற்கப்புறம் கலைவாணி எனக்கு வாரம் ஒருமுறை போன் செய்து புலம்புவாள். "காலையில ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சா சாயங்காலந்தான் எழுந்துக்க உடறாங்க சிஸ்டர். ஒரு கொடம் தூக்கினா கத்தறாங்க. உனக்கு ஒழுங்கா தூக்கத் தெரியாது, வச்சிடுன்றாங்க. உயிர எடுக்கறாங்க."

கொஞ்ச நாளிலேயே விதியும் மாறியது. கர்ப்பிணிகளும் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. கலைவாணியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் மாத ஸ்கேன் முடியட்டும் என்றாள். சரி என்றேன். ஆகஸ்டில் ஸ்கேன் முடிந்து, அவளாகவே எங்கள் நிலையத்துக்கு வந்து, மேசைமேல் கையை நீட்டினாள். அன்று சாயங்காலமே மாமியாரிடம் சொன்னாளாம். மறுநாள் காலையில் போன்.

"சிஸ்டர், அத்தைகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல சிஸ்டர்! கரண்டிய கீழ போட்டுட்டு அப்படியே நின்னுட்டாங்க. அழுவறாங்க. இத்தினி நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தேன், கண்டுபிடிக்கவே இல்ல பாருங்க!"

"அப்படியா?" என்றேன்.

நான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் அந்த ஜூன் மாதக் கடைசி நாளில், எல்லாரும் போன பிறகு, நான் மருந்துப் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது தனம் அக்கா ஓடி வந்தார். கையில் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் தொண்டையிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காத சின்னக் குரலில் கேட்டார்.

"அவளுக்கு நெசமாவே போடலதானே சிஸ்டர்?"

நான் பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பத்து நாளா காப்பி வாசனைக்கு மூஞ்சத் திருப்பறா. எனக்குத் தெரியாதா? போன ரெண்டு வாட்டியும் என் வாயாலதான் அந்தப் பொண்ணு தெருவுல தலைய நிமுத்த முடியாமப் போச்சு. இந்த வாட்டி அவளே சொல்லட்டும். அது வரைக்கும் நான் செவுடு, குருடு. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. ஏனாம்னு கேட்டேன் பாருங்க, கேக்காம உட்டா சந்தேகப்படுவாளேன்னுதான் கேட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஊருக்கே ஒலிபெருக்கியாக இருந்த அந்த அம்மாள், ஆறு வாரம் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நானும் கட்டிக்கொண்டேன். பெண் குழந்தை பிறந்தது. இப்போது எல்.கே.ஜி. போகிறாள். குரல் பாட்டியைக் கொண்டிருக்கிறது.

இதை எழுதுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கலைவாணி, "எழுதுங்க சிஸ்டர். எங்க அத்தை எப்படி ஏமாந்தாங்கன்னும் மறக்காம எழுதுங்க" என்றாள். தனம் அக்கா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "எத்தினி வருஷந்தான் மனசுக்குள்ளயே வச்சிருக்கறது? என் வாயால சொல்ல வெக்கமா இருக்குது. அவ படிச்சித் தெரிஞ்சிக்கட்டும், எழுதிடுங்க" என்றார்.

எழுதிவிட்டேன் கலைவாணி. மலரை மூடி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உன் அத்தையின் முகத்தை ஒருமுறை பார்.